ஷோஜி சாப்பிட்ட சோறு

தைப்பிங்,
4 ஜூன் 2023

கியா,

ஸலாம். ஸலாம் இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை, அதனால் சொல்கிறேன். மனசிலிருந்து வந்ததென்று நினைத்துவிடாதே.

நேற்று என் மகன் சுஹைமி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினான். "மாக், இது கியா மாக்சிக்தானே? இவங்க ஏன் உங்க இடத்துல நிக்கிறாங்க?" என்றான். உன்னை இன்னும் மாக்சிக், சித்தி என்றுதான் முறை சொல்கிறான்.

பார்த்தேன். ஏதோ ஒரு பேரங்காடியில் கூட்டம். 'தொண்ணூறுகளின் பிள்ளைகள்' என்று பெரிய பலகை. பிள்ளைகளாம். ஒவ்வொருத்தனுக்கும் தொப்பை தனியாக முன்னால் நடக்கிறது. அந்தத் தலைகளில் ஷோஜியின் சிவப்புத் துணி. திரையில் நாம் மலாயில் குரல் கொடுத்த அந்தக் கார்ட்டூன் தொடர், 'இரும்புக் கொக்கு', முப்பத்தோராம் பகுதி ஓடுகிறது. செத்துப்போன அப்பா கட்டி வைத்துவிட்டுப் போன சோற்றுருண்டையை ஷோஜி அழுதுகொண்டே தின்கிறான். முடிந்ததும் ஒருத்தன் மைக்கில், "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இதோ" என்கிறான். நீ ஊதா முக்காடு போட்டுக்கொண்டு படியேறி வருகிறாய். எல்லோரும் எழுந்து நின்று அழுகிறார்கள். நீ நெஞ்சில் கை வைத்துக் குனிகிறாய்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மிகைப்படுத்தவில்லை. எழுந்து போய்க் குளியலறையில் வாய் கொப்பளித்தேன்.

ஐம்பத்திரண்டு பகுதி. அந்தப் பொடியன் வாயிலிருந்து மலாய் வந்ததெல்லாம் என் தொண்டையிலிருந்து வந்தது. கொக்கு ரோபோவின் கழுத்தில் ஏறிக்கொண்டு அவன் போட்ட கூச்சலெல்லாம் நான் போட்டது. நீ என்ன செய்தாய்? பக்கத்து வீட்டுக்காரி, இரண்டாவது திருடன், நாய். நாயை நன்றாகவே செய்தாய், அதை நான் மறுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் தொண்டையில் கத்தி வைத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது வாயைத் திறந்தால் சைக்கிள் டயரில் காற்று இறங்கும் சத்தம்தான் வருகிறது. வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. போனில் திட்ட வழியில்லாததால் கடிதம். வாட்ஸப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரி இருந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

என் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது ஷோஜியின் வாயில் மட்டும்தான். சுஹைமி அந்தச் சோற்றுருண்டைக் காட்சியைத் தன் போனில் வைத்திருக்கிறான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தானாம், மருமகள் சொன்னாள். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை.

தொடர் முழுவதையும் திரும்ப வெளியிடப் போகிறார்கள் என்று உனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நம் பெயரை ஒரு பகுதியிலும் போடவில்லை, இந்தத் தடவை போடுவார்களாம். ஃபைருஸ் என்கிற அந்த ஏற்பாட்டுக்காரன் எனக்கும் படிவம் அனுப்பியிருக்கிறான். எந்தப் பாத்திரம், எந்தெந்தப் பகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் முப்பத்தொன்று கடைசி நாள். நீ அவனுக்கு எழுது. மேடையில் நின்றது பொய் என்று எழுது. ஷோஜி மஸ்னாதான், முதலிலிருந்து கடைசிவரை மஸ்னாதான் என்று எழுது.

மஸ்னா


ஷா ஆலம்,
15 ஜூன் 2023

அன்புள்ள காக் மஸ்னா,

வ அலைக்கும் ஸலாம். நான் மனசோடுதான் சொல்கிறேன், காக் என்று அக்கா முறை வைத்து அழைப்பதையும்.

உங்களுக்குக் குரல் போனதை இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. திட்டுக்கு நடுவில் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கூச்சலை நினைத்துக்கொண்டேன். மாடி ஸ்டூடியோவில் நீங்கள் கத்தினால் கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் அந்த ஒரு காட்சியைத்தான் எனக்கு அனுப்பினார்கள், இது யார் குரல் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அது நான்தான், காக். உங்களுக்குத் தெரியும். முப்பத்தொன்றில் அந்தச் சோற்றைத் தின்றதும் அழுததும் நான்.

மற்ற ஐம்பத்தொரு பகுதியும் மஸ்னா என்று மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருடமாக நாய், திருடன், கூட்டத்தில் கத்தும் பெண்கள். எனக்கென்று யாரும் ஒரு தடவைகூடக் கை தட்டியதில்லை. அந்த ஐந்து நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டேன். அது அயோக்கியத்தனம்தான், வேறு பெயர் வைக்கப் போவதில்லை.

ஆனால் நான் அங்கே ஏதோ அரியணையில் உட்கார்ந்திருந்ததாக நினைக்காதீர்கள். எவ்வளவு அருவருப்பாக இருந்தது தெரியுமா? இறங்கியதும் வரிசையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே கதை சொன்னார்கள். சாயங்காலம் ஐந்தரை, மழை, குர்ஆன் வகுப்பு விட்டு ஓடி வந்தது, மைலோவில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தது. ஆளுக்கு ஆள் அதைத் தனக்கு மட்டும் நடந்தது போலச் சொல்கிறார்கள். ஒருத்தன் என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டான். வியர்வை, கண்ணீர், மூக்குச்சளி எல்லாம் ஒன்றாக. "மாக்சிக், எங்கப்பா செத்தப்ப எனக்கு அழுகையே வரல. ஷோஜியோட அப்பா செத்தப்பதான் அழுதேன்" என்கிறான். இதைப் பெருமையாகச் சொல்கிறான். கையை உருவிக்கொண்டு சோப்பு எங்கே என்று தேடினேன்.

சோற்றுருண்டை வடிவில் தலையணை விற்கிறார்கள். ஷோஜி அழும் முகம் போட்ட சட்டை விற்கிறார்கள். அவர்களுக்கு ஷோஜியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். ஒன்பது வயதில் இருந்த தங்களைத் திருப்பித் தரச் சொல்லி எங்களிடம் கை நீட்டுகிறார்கள்.

கடைசியில் தட்டில் நிஜச் சோற்றுருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, "அதே மாதிரி சாப்பிட்டுக் காட்டுங்க" என்றார்கள். அதை நீங்கள் பார்த்த காணொளியில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லது.

ஃபைருஸுக்கு எழுதுகிறேன். ஐம்பத்தொரு பகுதி மஸ்னா என்று எழுதுகிறேன். முப்பத்தொன்றை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ரொக்கியா


தைப்பிங்,
22 ஜூன் 2023

கியா,

முப்பத்தொன்றை என்ன செய்வதா? அதையும் என் பெயரில் எழுது.

நீ செய்தது ஒரு வாய்ச் சோற்று உதவி. தொண்ணூற்று நாலு ரமலான். நான் நோன்பு, அந்தக் காட்சிக்கு வாயில் நிஜமாகவே சோறு வேண்டும். நீ மாதவிலக்கு லீவில் இருந்தாய், உனக்கு நோன்பு இல்லை, தின்றாய். அதுவும் என் குரலை வைத்துக்கொண்டு, என் மாதிரி. நோன்பு இல்லாதவள் தின்பதில் என்ன கலை இருக்கிறது? இன்னொரு உருண்டை வேறு கேட்டு வாங்கிக்கொண்டாய். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு வெளியே வறண்ட நாக்கோடு நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடைவாயில் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு முகம் சுளிக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். சுஹைமிக்கு அது நீ என்று நான் சொல்லவே இல்லை. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா எங்களை விட்டுப் போய் நாலு மாதம். அந்தப் பகுதி ஓடி முடிந்ததும் என் மடியில் விழுந்து, "மாக், நீங்க நிஜமா அழுதீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். பிறகு எப்படி இல்லை என்பது? அன்றையிலிருந்து அவனுக்கு என் குரல் என்றால் அந்தக் காட்சிதான். மற்ற ஐம்பத்தொன்றை அவன் தேடிக் கேட்டதே இல்லை.

டைரக்டர் பஹ்ரின் மண்ணுக்குள் போய்விட்டார். ஒலி மிக்ஸிங் செய்த ஆ லோக் ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறான். தெரிந்தது நாம் இருவர்தான். நீ வாயைத் திறக்காவிட்டால் என் பிள்ளைக்கு அம்மாவின் குரல் மிஞ்சும். உனக்கு ஐந்து நிமிடக் கைதட்டல் கிடைத்தாகிவிட்டது. போதாதா?

மஸ்னா


ஷா ஆலம்,
3 ஜூலை 2023

காக் மஸ்னா,

கடைவாயில் பருக்கை. நல்ல ஞாபகம் உங்களுக்கு. அப்படியானால் மற்றதும் ஞாபகம் இருக்கும்.

நான் இன்னொரு உருண்டை கேட்கவில்லை. பஹ்ரின் இன்னொரு டேக் கேட்டார்.

அன்றைக்கு நடந்ததை ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். முதலில் நீங்கள் வெறும் வாயை மென்று பார்த்தீர்கள். "ஆடு பிளாஸ்டிக்கை மெல்ற மாதிரி இருக்கு" என்றார் பஹ்ரின். நோன்பு திறந்த பிறகு எடுக்கலாம் என்றீர்கள். டேப் ஐந்து மணி வேனில் டிவி நிலையத்துக்குப் போக வேண்டும். அவர் முகம் மாறியது. "முடியலன்னா சொல்லு, ரேடியோவுல ஒரு பொண்ணு இருக்கா, நாளையிலிருந்து அவளே ஷோஜிய பேசட்டும்" என்றார். சுஹைமியின் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் உங்கள் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் நீங்கள் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "கியா லீவுலதானே இருக்கா? அவ என்னைய மாதிரியே பேசுவா. அவ சாப்பிடட்டும்" என்றீர்கள். பஹ்ரின் சட்டென்று காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஆ லோக் சுவரைப் பார்த்தான். இரண்டு ஆம்பளைகள் முன்னால் என் மாத விஷயம். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

நான் லீவில் இல்லை, காக்.

என் லீவு இரண்டு நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அன்று நான் நோன்பு. விடியலுக்கு முன் இரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் வயிற்றில் இருந்தது. நோன்பு திறக்க நீங்கள் வாங்கி வைத்திருந்த ஒட்டரிசிச் சோற்றின் வாழையிலையைப் பிரித்து உங்கள் கையாலேயே எனக்குக் கொடுத்தீர்கள். நான் மைக் முன்னால் நின்று பகல் நாலு மணிக்கு, பயணமும் இல்லை, நோயும் இல்லை, அதைத் தின்றேன். முதல் வாய் தொண்டையில் இறங்கவில்லை. என்மேலேயே எனக்கு வந்த அருவருப்பில் அழுகை வந்தது. பஹ்ரின் கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "அழுகை பிரமாதம், இன்னொரு வாய்" என்றார். மூன்று டேக். மூன்று தடவை விழுங்கினேன். கடைசி டேக்கில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஆ லோக் அதை வடிகட்டி எடுத்துவிட்டான்.

அந்த அழுகையைத்தான் இவர்கள் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்.

அந்த ஒரு நாளுக்கு வேறொரு நாள் நோன்பிருந்து ஈடு செய்தேன். தௌபா செய்து இறைவனிடம் பாவமன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்றைக்கு அப்புறம் ஒட்டரிசிச் சோற்றை வாயில் வைத்ததில்லை, அந்த மேடையில் வைக்கும்வரை. கீழே இறங்கிக் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். நீங்கள் தைப்பிங்கில், நான் கோலாலம்பூரில். ஒரே காட்சிக்கு இரண்டு பேருக்கும் குமட்டியிருக்கிறது.

நீங்கள் உங்கள் நோன்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். அதற்கப்புறம் வருடக்கணக்காகச் சிரித்துக்கொண்டே, "ரமலான்ல எல்லார் முன்னாடியும் மூக்குப் பிடிக்கத் தின்னவ இவதான்" என்று புது ஆட்களிடம் என்னை அறிமுகம் செய்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அன்று மதியம் லுஹர் தொழுகைக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அந்தச் சின்ன அறையில் தோளோடு தோள் நின்று தொழுதோம். லீவில் இருப்பவள் தொழ மாட்டாள். இது உங்களுக்கு அன்று தோன்றவில்லையா?

முப்பத்தொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரே இருக்கட்டும். எனக்கு அது வேண்டாம்.

ரொக்கியா


ஷா ஆலம்,
24 ஜூலை 2023

காக்,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஃபைருஸ் போன் செய்தான். என் படிவத்தில் பக்கத்து வீட்டுக்காரி, இரண்டாவது திருடன், நாய் என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். "அப்ப மேடையில வந்து நின்னது?" என்றான். வயசாகிவிட்டது, குழப்பம் என்றேன். அவன் குரலில் அருவருப்புத் தெரிந்தது. இருக்கட்டும்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

ரொக்கியா


தைப்பிங்,
13 ஆகஸ்ட் 2023

கியா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதத்தான் வேண்டும்.

தோன்றியது. அன்று மதியம் நீ என் வலது பக்கம் நின்றாய். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுத்து வலது பக்கம் திரும்பியபோது உன் முகத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு, "லீவுலதானே இருக்கா" என்று சொன்னபோது அந்த முகம் என் கண் முன்னால்தான் இருந்தது. நீ லீவில் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். ஆம்பளைகள் முன்னால் நீ இல்லை என்று சொல்ல மாட்டாய் என்பதும் தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். வழி இருந்தது. நானே தின்றிருக்கலாம். வேலை என்னுடையது, பிள்ளை என்னுடையது, பாவமும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வேலையும் வேண்டும், நோன்பும் வேண்டும் என்றிருந்தது.

அப்புறம் அதை வேடிக்கையாக்கினேன். நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தால் அது உண்மை மாதிரி ஆகிவிடும் என்பதற்காக. நாள் போகப்போக எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. உனக்கு ஜூனில் எழுதியபோதுகூட அப்படியே எழுதினேன். அந்தக் கடைவாய்ப் பருக்கையைப் பற்றி எழுதிய கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை ஒரு வாரம் அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தேன். பிறகு சுஹைமியிடம் சொன்னேன். சொன்னேன் என்றால் நோட்டில் எழுதினேன், நாலு பக்கம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து படித்தான். நான் அவன் கண் வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் இருந்திருந்தால் நடுவில் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

படித்து முடித்து, "அப்ப மூணு வருஷமா நான் கேட்டுக்கிட்டு இருந்தது கியா மாக்சிக் சோறு திங்கிற சத்தமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவன் சிரிக்கவில்லை. "அவங்கள அழவச்சுட்டு அத நீங்கன்னு சொன்னீங்க. எனக்குக் கேக்கவே அசிங்கமா இருக்கு மாக்" என்று எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மேசையில் தட்டை வைத்தால் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். என் நோட்டு மூடியே கிடந்தது.

மூன்றாம் நாள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். "சரி, அப்ப நீங்க எங்க இருக்கீங்க? காட்டுங்க" என்றான். முப்பதாம் பகுதியைப் போடச் சொன்னேன். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஷோஜி காலுறையைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறான், அப்பாவோடு சண்டை போடுகிறான், கதவைச் சாத்துகிறான். அழுகை இல்லை. கூச்சல்தான்.

பத்து நிமிடம் பார்த்தான். பிறகு நிறுத்திப் பின்னால் ஓட்டினான். ஷோஜி, "நூறு தடவ சொல்லியாச்சு, காதுல விழலையா" என்று கத்துகிற இடம். மறுபடி போட்டான். மறுபடியும். அவன் கண் சிவந்துவிட்டது. "இது நீங்க என்னைக் குளிக்கக் கூப்புட்ற சத்தம்" என்றான். "இது எப்படி மறந்துபோச்சு எனக்கு?"

நான் தலையை ஆட்டினேன். முப்பது வருடம் என் பிள்ளைக்கு உன் அழுகையைக் கொடுத்துவிட்டு என் குரலை நானே மறைத்து வைத்திருந்திருக்கிறேன்.

அவன் போனில் அந்தக் காட்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. என்னிடம் முன்போலப் பேசுகிறான் என்றும் சொல்ல முடியாது. தட்டை மட்டும் இப்போது மேசையிலேயே வைத்துச் சாப்பிடுகிறான்.

படிவம் அனுப்பிவிட்டேன். ஷோஜி, ஐம்பத்தொரு பகுதி, மஸ்னா. முப்பத்தோராம் பகுதிச் சோற்றுக் காட்சி, ரொக்கியா. நடந்தது என்ன என்று ஃபைருஸுக்குத் தனியாக எழுதினேன், மேடையில் நீ குழம்பவில்லை என்றும் எழுதினேன். நோன்பு விஷயத்தை எழுதவில்லை, அது உன்னுடையது. உனக்கு அந்தக் காட்சி வேண்டாம் என்று தெரியும். வேண்டாம் என்றாலும் அது நீதான். உன்னிடமிருந்து இரண்டாவது தடவை ஒன்றை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. கோபம் என்றால் எழுது, திட்டு. அது உன் முறை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

இன்னொன்று. போன திங்கட்கிழமை நான் நோன்பு பிடித்தேன். சுன்னத்து நோன்பு, கடமையில்லாமல் விரும்பிப் பிடிப்பது, என்று மருமகளிடம் எழுதிக் காட்டினேன். அது சுன்னத்து இல்லை. தொண்ணூற்று நாலில் அந்த நாளை நான் நோற்றதாகத்தான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். உன் நோன்பை முறிக்க வைத்துக் காப்பாற்றியது எப்படி நோன்பாகும்? உன் நோன்பை நீ அப்போதே ஈடு செய்துவிட்டாய். நான் என்னுடையதை இப்போதுதான் ஈடு செய்கிறேன்.

மஸ்னா